முகட்டுக் கயிறு முதலில்: தார்ப்பாயைக் கட்டுவது, சுருட்டுவது, வீட்டில் பத்திரப்படுத்துவது

மலைக்குப் போகும்போது கூடாரம் எடுத்துப் போவதை நிறுத்தி எனக்கு ஏழு வருடம் ஆகிறது. 10க்கு 10 அடியில் ஒரு தார்ப்பாய், கயிறு, எட்டு முளை, தரையில் விரிக்க ஒரு ஷீட். எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது. பக்கங்கள் திறந்திருப்பதால் உள்ளே மூச்சுக்காற்று படிந்து ஒழுகாது. மழை வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம். மரம் எப்படி நிற்கிறதோ, தரை எப்படிக் கிடக்கிறதோ, அதற்கேற்ப வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் கூடாரத்தைப் போல இது தானாக நிற்காது. நிற்க வைப்பது முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

தமிழில் தரையில் விரிப்பதும் பாய்தான், மரக்கலத்தில் கட்டுவதும் பாய்தான். தார்ப்பாய் கட்டும்போது இந்த இரண்டாவது பாயை மறக்காமல் இருப்பது நல்லது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று நேராக மோதினால் ஒவ்வொரு சதுர மீட்டர் துணியிலும் சுமார் 6 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நான்கு மடங்கு, அதாவது 24 கிலோ. 10 அடித் தார்ப்பாயின் ஒரு பக்கச் சரிவு மட்டுமே நாலரைச் சதுர மீட்டருக்கு மேல் வரும். முளையை யாரும் கையால் பிடுங்கிப் போட வேண்டியதில்லை, காற்றே பார்த்துக்கொள்ளும்.

இங்கே நான் சொல்வதெல்லாம் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தை மனதில் வைத்து. சுமார் 1,500 மீட்டர் உயரம், ஐப்பசி மழை, நிழலுக்கு நெட்டையாக நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக்கொடி. தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு அவர் காட்டும் இடத்தில்தான் தங்குவேன். வனத்துறையின் அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் தங்குவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் உயிரிழந்ததை இந்தப் பக்கம் நடக்கிற யாரும் மறக்க மாட்டோம். அனுமதி வாங்குவதைச் சடங்காக நினைக்காதீர்கள். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

எந்தத் துணி

கடையில் மூன்று வகை கிடைக்கும். முதலாவது, ஊரில் நெல் காயப்போடவும் வைக்கோல் போரை மூடவும் வாங்குகிற பாலித்தீன் தார்ப்பாய். இதன் கனத்தை ஜிஎஸ்எம் கணக்கில் சொல்வார்கள், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம். 120 ஜிஎஸ்எம்மில் 10க்கு 10 அடி வாங்கினால் 1.1 கிலோ இருக்கும். விலை குறைவு, முரட்டுத்தனமாகக் கையாளலாம். ஆனால் மடித்தால் பெரிதாக இருக்கும், காற்றில் படபடவென்று சத்தம் போடும். கற்றுக்கொள்ள இதுவே போதும். பழகுகிற காலத்தில் கிழிந்தாலும் மனம் நோகாது.

இரண்டாவது, பாலியூரித்தேன் பூசிய பாலியஸ்டர் துணி. இணையத்தில் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். மூன்றாவது, சிலிக்கான் ஊறிய நைலான் அல்லது பாலியஸ்டர். சில்நைலான், சில்பாலி என்று சொல்வார்கள். லேசானது, வழுவழுப்பானது, விலை கூடுதல். நைலான் நனைந்தால் நீளும். மாலையில் விறைப்பாகக் கட்டியது நடுராத்திரியில் தொய்ந்து தொங்கும். பாலியஸ்டர் அவ்வளவு நீளாது. நம் மழைக்கு நான் சில்பாலியைத்தான் சொல்வேன். ராத்திரி எழுந்து கயிறு இழுக்கிற வேலை பாதியாகக் குறையும்.

விளம்பரத்தில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று போட்டிருப்பது அந்தத் துணி எவ்வளவு உயரத் தண்ணீரைக் கசியாமல் தாங்கும் என்ற கணக்கு. சரிவாகக் கட்டிய கூரைக்கு 1,500 தாராளம். அதைவிட, விளிம்பில் கயிறு கட்ட எத்தனை கண் இருக்கிறது, அந்த இடங்களில் இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நான்கு மூலை, நான்கு பக்கங்களின் நடு என எட்டு கண் அவசியம்.

கயிறு: முகட்டுக்கு 4 மி.மீ. கனமுள்ள, மேலே உறை பின்னிய பாலியஸ்டர் கயிறு 12 மீட்டர். மூலைகளுக்கும் பக்க நடுவுக்கும் 2.5 அல்லது 3 மி.மீ. கயிறு தலா 2 மீட்டராக ஆறு துண்டு. அதே மெல்லிய கயிற்றில் 60 செ.மீ. துண்டு இரண்டு. நைலான் கயிறு வேண்டாம், துணியைப் போலவே அதுவும் நனைந்தால் நீளும். வெட்டிய முனைகளை லைட்டரில் லேசாக உருக்கிவிடுங்கள், இல்லையென்றால் உறை பிரிந்து போகும்.

மேலே பார், கீழே பார்

இடம் தேர்ந்தெடுக்கும்போது முதலில் தலையைத் தூக்கிப் பாருங்கள். காய்ந்த கிளை, பாதி முறிந்து மாட்டிக்கொண்டிருக்கும் கொம்பு இருந்தால் அந்த மரத்தடியை விட்டு நகர்ந்துவிடுங்கள். சில்வர் ஓக்கும் யூகலிப்டஸும் காற்றில் கிளை உதிர்க்கிற மரங்கள். நெட்டையாகத் தனியே நிற்கும் மரமும் வேண்டாம். இடி அங்கேதான் முதலில் விழும்.

பிறகு கீழே. மண் ஈரமா காய்ந்ததா என்பதைவிட, முந்தைய மழையில் தண்ணீர் எந்த வழியாக ஓடியது என்பதுதான் கேள்வி. சருகுகளைக் கவனியுங்கள். தண்ணீர் ஓடின இடத்தில் அவை ஒரே பக்கமாகச் சாய்ந்து, தலை சீவினது போலக் கிடக்கும். சருகே இல்லாமல் மண் வழித்து விட்டாற்போல் ஒரு கோடு தெரிந்தால் அது வாய்க்கால். தண்ணீர் தேங்கிய இடத்தில் மெல்லிய வண்டல் படிந்து, காய்ந்தபின் ஓடு ஓடாக வெடித்திருக்கும். இந்த மூன்றும் இல்லாத, கொஞ்சம் மேடான, சருகு தாறுமாறாகக் கிடக்கிற இடம்தான் படுக்க ஏற்றது. சுற்றி வாய்க்கால் வெட்டாதீர்கள். காபிச் செடியின் வேர் மேலாகவே ஓடும், வெட்டினால் தோட்டக்காரருக்கு நஷ்டம்.

காற்றையும் பார்க்க வேண்டும். ஆனால் மாலை 5 மணிக்கு வீசும் காற்றை நம்பிக் கட்டாதீர்கள். மலையில் பகலில் வெயில் பட்ட சரிவில் காற்று மேல்நோக்கி ஏறும். இருட்டியபின் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் கீழ்நோக்கி இறங்கும். மழைக்காற்று இல்லாத ராத்திரியில் மேட்டுப் பக்கத்திலிருந்துதான் குளிர் வரும். ஐப்பசி மழையோடு வருவது பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. கூரையின் அகலமான சரிவு காற்று வரும் திசையைப் பார்க்கட்டும், திறந்த வாய் வேண்டாம். வாய் வழியாகக் காற்று புகுந்தால் துணி உள்ளிருந்து உப்பி, முளைகளை மேல்நோக்கி இழுக்கும்.

முகட்டுக் கயிறு

கூரை வீட்டில் முகட்டு வளை எதுவோ, தார்ப்பாய்க்கு முகட்டுக் கயிறு அது. முதலில் ஏறுவதும் கடைசியில் இறங்குவதும் இதுதான். மழையில் போய்ச் சேர்ந்தாலும் இதே ஒழுங்குதான். கயிறு கட்டி முடிக்கும்வரை துணி பையை விட்டு வெளியே வரக்கூடாது. துணியைத் தரையில் விரித்துப்போட்டுவிட்டுக் கயிறு தேடுகிறவர்கள் சேற்றையும் அட்டையையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள்.

10 அடித் துணிக்கு மரங்களுக்கிடையே 14 அடியிலிருந்து 20 அடி வரை இடைவெளி இருக்கலாம். மிளகுக்கொடி ஏறாத மரமாகப் பாருங்கள். மரப்பட்டை நசுங்காமல் இருக்க ஒரு சாக்குத் துண்டையோ பழைய பெல்ட் பட்டையையோ கயிற்றுக்கு அடியில் கொடுங்கள்.

முதல் மரம். கயிற்றின் ஒரு முனையில் உள்ளங்கை அளவு கண்ணி ஒன்றை வீட்டிலேயே நிரந்தரமாகப் போட்டு வைத்திருங்கள். அதை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, நீளக் கயிற்றில் ஒரு மடிப்பை எடுத்து அந்தக் கண்ணிக்குள் நுழையுங்கள். மறுபக்கம் வந்த மடிப்புக்குள் விரல் கனமுள்ள குச்சியைச் செருகி இழுங்கள். குச்சி கண்ணியில் போய் முட்டி நிற்கும். முடிச்சே இல்லை. காலையில் குச்சியை உருவினால் கயிறு தானாக விட்டுவிடும். விரல் விறைத்த குளிரில் முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது மரத்தில்தான் விறைப்பு ஏற்ற வேண்டும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் சித்தப்பா. சங்ககிரிப் பக்கம் லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பிறகு டிரைவரானவர். நான் மொட்டை மாடியில் கயிற்றை வயிற்றில் சுற்றிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "நேரா இழுத்தா உன் பலம் மட்டுந்தாண்டா வரும். கண்ணி போட்டுத் திருப்பி இழு" என்றார். லோடு கட்டுகிறவர்கள் போடுகிற அதே கட்டுதான்.

அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன். மரத்துக்கு மூன்றடி முன்னால், ஓடுகிற கயிற்றில் ஓர் உருவாஞ்சுருக்கு போட்டார். இழுத்தால் உருவி வருகிற மடிப்பு கயிற்றின் நுனிப் பக்கத்திலிருந்து வருமாறு பார்த்துக்கொண்டார். மாற்றிப் போட்டால் இழுக்கும்போது சுருக்கு இறுகிக் கண்ணி மூடிவிடும். நுனியை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அந்தக் கண்ணிக்குள் விட்டு, மறுபடி மரத்தைப் பார்த்து இழுத்தார். கண்ணி கப்பி போல வேலை செய்தது. கணக்குப்படி மூன்று மடங்கு பலம், கயிறு கயிற்றில் உரசுவதால் உண்மையில் அதைவிடக் குறைவு. அப்படியும் போதும் போதும் என்கிற அளவுக்கு விறைத்தது. பிறகுதான் முக்கியமான காரியம். கண்ணியில் கயிறு திரும்பும் இடத்தை இடது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நசுக்கிப் பிடித்துக்கொண்டார். பிடி விடாமல் வலது கையால் நுனியை மடித்து அரை முடிச்சு இரண்டு போட்டார். மடித்துப் போட்டதால் நுனியை ஒரு தட்டுத் தட்டினால் அவிழ்ந்துவிடும். அந்த நசுக்கிப் பிடித்தலை நான் ஒரு மாலை முழுக்கப் பழகினேன். அதை விட்டால் ஏற்றின விறைப்பு முழுவதும் போய்விடும்.

எவ்வளவு விறைப்பு வேண்டும்? தம்புரா நரம்பு மாதிரி வேண்டாம். கயிறு எந்த அளவு படுகிடையாக நிற்கிறதோ அந்த அளவு அதன்மேல் வரும் பாரம் பெருகும். கிடைமட்டத்திலிருந்து 5 டிகிரி மட்டும் தொய்ந்திருக்கும் கயிற்றின் நடுவில் 1 கிலோ தொங்கினால் இரண்டு மரத்தின் பக்கமும் ஏறக்குறைய 5.7 கிலோ இழுப்பு விழும். நடுவில் கையை வைத்து அழுத்தினால் நாலு விரல் அளவு இறங்கட்டும், போதும்.

உயரத்துக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 10 அடித் துணியை நடுவில் மடித்தால் ஒரு பக்கச் சரிவு 5 அடி. முகடு 4 அடியில் இருந்து, விளிம்பு தரையைத் தொட்டால் பக்கத்துக்கு 3 அடி, மொத்தம் 6 அடி அகலம். முகட்டை 3 அடிக்கு இறக்கினால் பக்கத்துக்கு 4 அடி, மொத்தம் 8 அடி. பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான். காற்றும் மழையும் சேர்ந்து வரும் ராத்திரிக்கு 3 அடியே சிறந்தது. உட்கார்ந்தால் தலை மட்டும் கூரையைத் தொடும், ஆனால் படுக்கும் இடம் நனையாது. தூறலோ பனியோ மட்டும் என்றால் முகடு 4 அடி, விளிம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்.

துணியை ஏற்றுவது

அந்த 60 செ.மீ. துண்டுகளை முனைகள் சேர்த்து முடிந்து வளையமாக்கிக்கொள்ளுங்கள். வளையத்தை முகட்டுக் கயிற்றின் மேல் போட்டு, அதன் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்குள் மூன்று முறை நுழைத்துச் சுற்றி இறுக்குங்கள். சும்மா இருக்கும்போது கயிற்றில் நகரும், பாரம் விழுந்தால் அப்படியே கடிக்கும். ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புருசிக் என்ற மலையேறி 1931-இல் வெளியிட்டதால் புருசிக் முடிச்சு என்று பெயர். வளையக் கயிறு முகட்டுக் கயிற்றைவிட மெல்லியதாக இருந்தால்தான் கடிக்கும்.

துணியில் முகடாக வரும் கோட்டின் இரு முனைகளில், எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் இருக்கிற இரு கண்களையும் இந்த இரண்டு வளையங்களில் மாட்டுங்கள். பிறகு வளையங்களை மரத்தை நோக்கி நகர்த்தினால் துணி முகட்டில் நேராக விறைக்கும். துணி நட்டநடுவில் இல்லையா, இரண்டையும் ஒரு பக்கம் நகர்த்தினால் போதும். மரத்தில் கட்டினதைத் தொடவே வேண்டாம்.

கயிறு துணிக்கு மேலேயா கீழேயா என்று பலர் கேட்பார்கள். துணியில் முகட்டுக் கண் வலுவாகத் தைத்திருந்தால் கயிறு மேலே, துணி கீழே தொங்கட்டும். கயிறு வழியாக ஓடி வரும் மழைத்தண்ணீர் துணியின் வெளிப்புறத்தில்தான் விழும். பாலித்தீன் தார்ப்பாயின் ஐலெட்டுகளை, அதாவது விளிம்பில் பதித்த வளையக் கண்களை, நம்பி முழுப் பாரத்தையும் தொங்கவிட முடியாது. அதற்குக் கயிறு கீழே ஓட, மேலே துணி போர்த்தினாற்போல் இருக்கட்டும். அப்படிக் கட்டினால் கயிறு துணிக்குள் நுழைவதற்கு ஒரு சாண் முன்னால், இரண்டு பக்கமும் ஒரு பருத்தி நூலையோ துணிக்கீற்றையோ கட்டித் தொங்கவிடுங்கள். கயிற்றில் வரும் தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். இதைச் செய்யாமல் ஒரு ராத்திரி என் தலைமாட்டில் பொட்டுப் பொட்டாக விழுந்த தண்ணீரை இப்போதும் நினைவு வைத்திருக்கிறேன். அதிலிருந்து இரண்டு நூல் துண்டுகள் கயிற்றிலேயே நிரந்தரமாக இருக்கின்றன.

மூலைகள்

காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளை முதலில் கட்டுங்கள், அப்புறம் மறுபக்கம். ஒவ்வொரு மூலையையும் இரண்டு விளிம்புக்கும் நடுவாக, கோணத்தின் பாதியில் வெளிப்புறம் இழுங்கள். முளையை மாடு கட்டுகிற மாதிரிதான் அடிக்க வேண்டும். தலை தார்ப்பாய்க்கு எதிர்ப்புறம் சாய்ந்து, கயிறும் முளையும் ஏறக்குறைய செங்கோணமாக இருக்கட்டும். கயிறு முளையின் தலையில் அல்ல, மண்ணை ஒட்டிய இடத்தில் விழ வேண்டும். காபித் தோட்டத்து மண் சருகு மக்கிப் பொலபொலவென்று இருக்கும். 15 செ.மீ. முளை அங்கே நிற்காது. நீளமான முளையோ, கயிற்று நுனியில் குறுக்கே கட்டிய கட்டையின் மேல் பெரிய கல்லோதான் பிடிக்கும். காபிச் செடியில் கட்டாதீர்கள்.

இழுகயிற்றுக்கு நகரும் முடிச்சு போடுங்கள். கயிற்றை முளையைச் சுற்றிக் கொண்டுவந்து, வரும் கயிற்றின் மேல் வளைவுக்கு உள்ளே முளைப் பக்கமாக இரண்டு சுற்று. பிறகு அந்த இரண்டையும் தாண்டி, வளைவுக்கு வெளியே அதே திசையில் ஒரு சுற்று. இறுக்குங்கள். முடிச்சை மேலே தள்ளினால் விறைக்கும், கீழே தள்ளினால் தளரும். கயிறு வழுக்கினால் உள்ளே மூன்று சுற்றாகப் போடுங்கள்.

நான்கும் கட்டினபின் நாலடி பின்வாங்கி நின்று துணியைப் பாருங்கள். துணியே சொல்லிவிடும். சுருக்கம் எந்தத் திசையில் ஓடுகிறதோ அந்தத் திசையில் இழுப்பு கூடுதல். ஒரு மூலையிலிருந்து முகட்டின் எதிர்முனைக்குச் சாய்வாகக் கோடு ஓடினால், அந்த மூலையைக் கொஞ்சம் தளர்த்தி, அதே பக்கத்து அடுத்த மூலையை இறுக்குங்கள். முகட்டோடு சேர்ந்து நீளவாக்கில் சுருக்கம் இருந்தால் புருசிக் வளையங்களை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். சுருக்கமே இல்லாமல் சரிவு தட்டையாக வந்தால்தான் தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடும். தேங்கினால் அரை வாளித் தண்ணீரே ஒரு கண்ணைப் பிய்த்துவிடும்.

பக்க நடுக் கயிறுகளைக் கடைசியில் கட்டுங்கள். அவற்றில் ஒரு சாண் சைக்கிள் ட்யூப் துண்டை இடையில் சேர்த்தால் நனைந்து தளர்ந்தாலும் ரப்பர் இழுத்துப் பிடிக்கும், பலத்த காற்றில் துணி வெடுக்கென்று இழுபடாது. ட்யூபுக்கு இணையாகக் கயிறும் ஓடட்டும், அது எல்லைக்கு மேல் நீளும்போது கயிறு பாரத்தை ஏற்றுக்கொள்ளும்.

தரை ஷீட் கூரையின் விளிம்பைவிட ஒரு முழம் உள்ளே இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரைத் தண்ணீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவரும். படுக்கப் போகும் முன் ஒரு சுற்று சுற்றி ஒவ்வொரு முடிச்சையும் ஒரு விரல் மேலே தள்ளிவிடுங்கள். அடுப்பு, மெழுகுவர்த்தி எதையும் கூரைக்கு அடியில் ஏற்ற வேண்டாம்.

சாய்ப்பு இறக்குவதும் வைரக் கட்டும்

கூரைக் கட்டு பழகிய பிறகு மற்றவை எளிது. வானம் தெளிந்த ராத்திரியில், வீட்டுக்குப் பக்கத்தில் சாய்ப்பு இறக்குவதுபோல, துணியின் ஒரு விளிம்பை முகட்டுக் கயிற்றிலும் எதிர் விளிம்பைத் தரையிலும் கட்டலாம். எதிரே மலை முழுக்கத் தெரியும். காற்று திசை மாறினால் மழை நேராக முகத்தில் விழும் என்பதால் ஐப்பசியில் நான் செய்வதில்லை. ஒரே மரம்தான் கிடைத்தது என்றால் வைரக் கட்டு: ஒரு மூலை மரத்தில் நெஞ்சு உயரத்தில், நேரெதிர் மூலை காற்று வரும் பக்கம் தரையில், மற்ற இரண்டும் பக்கவாட்டில் முளையில். ஒருவர் படுக்கலாம், காற்றுக்கு நன்றாக நிற்கும்.

இறக்குவது

காலையில் எல்லாவற்றையும் அவிழ்த்துத் தரையில் போட்டு மடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. அப்போது ஒட்டுகிற சேறும் முள்ளும்தான் துணியின் ஆயுளைத் தின்கிறது. முகட்டுக் கயிறு நிற்கட்டும்.

முதலில் துணியை உள்ளிருந்து விரலால் சுண்டி, தண்ணீரை உதறுங்கள். பழைய பருத்தித் துண்டால் இரண்டு பக்கமும் துடைத்தால் பாதி ஈரம் போய்விடும். பிறகு முளைகளை எடுத்து, அவற்றுக்கென்று தனிப் பையில் போடுங்கள். ஒவ்வொரு இழுகயிற்றையும் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் எட்டு வடிவில் சுற்றி, கடைசி முழத்தை நடுவில் நாலு சுற்றுச் சுற்றி, ஒரு மடிப்பை உள்ளே செருகுங்கள். மூலையிலேயே தொங்கட்டும். நுனியை இழுத்தால் சிக்கில்லாமல் விரியும். வளையமாகச் சுற்றினால் அடுத்த முறை பைக்குள்ளிருந்து நூல்கண்டு போலத்தான் வரும்.

இப்போது துணி துணிக்கொடியில் தொங்கும் சேலை மாதிரி இருக்கும். இரண்டு பக்கத்தையும் முகட்டை நோக்கி மடித்துச் சேர்த்துப் பிடித்து, ஒரு முனையிலிருந்து நேராகப் பைக்குள் திணித்துக்கொண்டே போங்கள். மறுமுனை வரை கயிறு அதைத் தாங்கிப் பிடிக்கும், துணி மண்ணைத் தொடாது. மெல்லிய துணியை மடித்து வைக்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிந்தால் அந்தக் கோட்டில் பூச்சு உரிந்துவிடும், திணித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கசங்கும். பாலித்தீனை மட்டும் தளர்வாகச் சுருட்டுங்கள்.

மழையிலேயே கிளம்ப நேர்ந்தால் தார்ப்பாயைக் கடைசியில் இறக்குங்கள். அதன் கீழேயே பை முழுவதையும் கட்டி முடித்துவிடலாம். ஈரத் துணி பைக்கு வெளியே வரட்டும், படுக்கையோடு சேர்க்காதீர்கள்.

வீட்டில்

என் முதல் தார்ப்பாய் பாலியூரித்தேன் பூசியது. ஒரு கார்த்திகையில் கொல்லிமலையிலிருந்து வந்து, காய்ந்தது மாதிரி இருக்கிறதே என்று இறுக்கமான பையிலேயே பரணில் போட்டேன். இரண்டு கோடை கழித்து எடுத்தபோது முதலில் வந்தது வாடை, புளித்த வாந்தி போல. பிரிக்கப் பார்த்தால் பலாப்பிசின் தடவினது போல மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிய்த்தெடுத்த இடத்தில் பூச்சு வெயிலில் வெந்த தோல் மாதிரி உரிந்து விரலோடு வந்தது. துணி கிழியவே இல்லை, ஆனால் அதற்குப் பிறகு அதில் ஒரு தூறலைக்கூடத் தாங்க முடியாது.

காரணம் இதுதான். பாலியூரித்தேனின் இணைப்புகளை நீர்மூலக்கூறுகள் மெல்ல மெல்ல அறுக்கும், வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஈரமும் சூடும் சேர்ந்த இடம் என்றால் நம் வீட்டில் தளத்தை ஒட்டிய பரண்தான், அல்லது வெயிலில் நிற்கிற காரின் டிக்கி. சிலிக்கான் பூச்சு இப்படிக் கரையாது, ஆனால் ஈரத்தோடு வைத்தால் அதிலும் பூஞ்சணம் கரும்புள்ளியாகப் பூக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் அதற்கு இரண்டு மூன்று நாள் போதும்.

ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே காயப்போட வேண்டும். நான் மொட்டை மாடியில் அதே முகட்டுக் கயிற்றைக் கட்டி, துணியை அதே மாதிரி மாட்டிவிடுவேன். கயிறும் சேர்ந்து காயும். உச்சி வெயில் வேண்டாம், புற ஊதாக் கதிர் நைலானையும் பாலியஸ்டரையும் நொறுக்கும். காலை இளவெயிலோ, காற்றோட்டமான நிழலோ போதும். மழையாக இருந்தால் வரவேற்பறையில் கொடி கட்டி மின்விசிறியைப் போடுங்கள். சேறு இருந்தால் வெறும் தண்ணீரும் ஸ்பாஞ்சும், பிசுக்கு இருந்தால் மட்டும் மென்மையான சோப்பு. வாஷிங் மெஷின் வேண்டாம், பிரஷ் வேண்டாம்.

காய்ந்துவிட்டதா என்று நடுத்துணியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். தண்ணீர் ஒளிந்திருப்பது விளிம்பு மடித்துத் தைத்த இடத்திலும் மூலைகளின் இரட்டைத் துணியிலும். அங்கே கன்னத்தை வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்தில் சில்லென்று தெரியும்.

பிறகு வாங்கும்போது வந்த சின்னப் பையை முளையோடு எடுத்து வைத்துவிட்டு, தார்ப்பாயைப் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போடுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் மிச்ச ஈரம் வெளியேற வழியில்லை. வெளிச்சுவரை ஒட்டாத பீரோவின் நடுத்தட்டு நல்ல இடம். சாப்பாட்டு வாடை பட்ட துணியை எலி கடிக்கும், அதனால் மலையில் எண்ணெய்க் கை துடைத்த மூலை இருந்தால் கழுவாமல் வைக்காதீர்கள். அந்துருண்டையும் வேண்டாம், அந்த வாடையோடு அடுத்த முறை படுக்க வேண்டியிருக்கும்.

ஓட்டை இருந்தால் வைக்கும் முன்பே அடைத்துவிடுங்கள். சிலிக்கான் துணியில் சாதாரண டேப்போ பசையோ ஒட்டாது. சிலிக்கான் சீலன்ட்டைத் தடவி, அதே துணியில் வெட்டிய வட்டத் துண்டை ஒட்டி ஒரு நாள் விடுங்கள். துண்டின் முனை வட்டமாக இருக்கட்டும், சதுரமாக வெட்டினால் மூலை கிளம்பும். பாலித்தீனில் ஐலெட் பிய்ந்துபோனால், அந்த இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு கூழாங்கல்லைத் துணியில் பொதிந்து அதன் கழுத்தில் கயிறு கட்டுங்கள். துணியில் ஓட்டை போடாமலே புதிய கண் கிடைத்துவிடும், பல நேரம் பழையதைவிட வலுவாகவும் இருக்கும்.

புரட்டாசி பிறந்ததும் நான் ஒரு முறை எடுத்து மாடியில் கட்டுவேன். வளையங்கள் கடிக்கின்றனவா, கயிற்றின் உறை எங்கேயாவது தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தபின், மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்வேன். தையலில் நூல் நூலாக ஈரம் இறங்கினால் அந்த இடத்தைச் சாக்பீஸில் குறித்து, மறுநாள் காய்ந்தபின் சீலன்ட் தடவுவேன். மலையில் ஐப்பசி மழை தொடங்க அதற்குப் பிறகும் மூன்று நாலு வாரம் இருக்கும்.